வயரைப் பிடுங்கிய அக்கா

அந்த அக்கா முதல்முதலாக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து செய்த காரியம், ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பின் நடுவில் வயரைப் பிடுங்கியதுதான். நான் பதறிப்போனேன். கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் படி எடுப்பதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. அவர் வயரைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாப்ட்வேர் கொஞ்ச நேரம் திணறியது. பிறகு பச்சையாக ஒரு டிக் போட்டு, வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொன்னது.

“பாத்தீங்களா டீச்சர்,” என்றார். “வயரு என் கையில இருக்கு. அது முடிஞ்சிருச்சுங்குது. பொய் சொல்ற சாமான். தூக்கிப் போடுங்க.”

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று, இப்போது குடியிருக்கும் செனாயிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்பார். நான் பதில் சொல்லித் தப்பித்த சரித்திரம் கிடையாது.

அப்போது நாங்கள் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை, அதற்கப்பால் ஒரு வரிசை இளம் செம்பனை, அதற்கப்பால் வேலி. அந்த வேலிக்குள் பழைய பிளாஸ்டிக்கை வாங்கி உருக்கும் ஒரு தொழிற்சாலை வந்தது. உருக்க முடியாத கழிவைக் குழியில் போட்டுச் சாயங்காலத்தில் கொளுத்தினார்கள். புகை நேரே எங்கள் மாடி அறைக்குள் வரும். அங்கேதான் என் மகள் படுப்பாள். ஆறு வயது. இளைப்பு வந்துவிட்டால் இரண்டு விலாவும் உள்ளே போய் வரும். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் மூடி மாட்டி மருந்துக் காற்று வைக்க வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் கொடுத்தோம். நாங்கள் எதையும் கொளுத்துவதில்லை என்று தொழிற்சாலை கடிதம் எழுதியது. அப்படியானால் சாட்சியம் கொண்டுவாருங்கள் என்றார் அதிகாரி. அவர் கேட்டது நியாயம்தான்.

மாடி ஜன்னலில் நின்று கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தேன். கைப்பேசியில் இடம் போதாது என்பதால் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு அதிலிருந்து அழித்துவிடுவேன். இரண்டு மாதம் சேர்த்தேன். அந்தப் புகையின் கரியே கம்ப்யூட்டருக்குள் அப்பி, காற்றாடி நின்று, உள்ளே சூடேறி, டிஸ்க் செத்துப்போனது. இரண்டு மாதப் படமும் அதோடு போனது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுததைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துத்தான் அக்கா வந்தார்.

“போனது போச்சு,” என்றார். “இனிமே போகாம பாக்கணும்லா. புது டிஸ்க்கு போட்டுட்டு என்னைய கூப்புடுங்க.”

அவர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் வேலை செய்தவர். ஹார்ட் டிஸ்க்குக்குள் போகும் சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கிற லைன். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும், நல்ல பலகை எதையும் சோதிப்பதற்கு முன்னால், கெட்டுப்போனது என்று தெரிந்த ஒரு பலகையைச் சோதனை மிஷினுக்குள் விடுவார்கள். மிஷின் ரிஜெக்ட் சொன்னால்தான் லைன் ஓடும். பாஸ் என்று சொல்லிவிட்டால் மிஷினை நிறுத்திவிட வேண்டியதுதான். கெட்டதைக் கெட்டது என்று சொல்லத் தெரியாத மிஷின் நல்லதை நல்லது என்று சொன்னாலும் செல்லாது. பதினேழு வருடம் இதைச் செய்தவருக்கு, மனிதர்களையும் அப்படிச் சோதிக்காமல் இருக்க முடியவில்லை.

மோட்டார் கடைக்குப் போவார். டயர் புதிதாக மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. “டயர மாத்தணுமா தம்பி, ஓடுமா?” என்று அப்பாவியாகக் கேட்பார். மாற்றணும் என்று சொன்னவன் கடைக்கு மறுபடி போகமாட்டார். தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். பையன் எஸ்பிஎம் பரீட்சையில் கணக்கில் தோற்றது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே, “கணக்குல என்னா எடுத்தீங்க தம்பி?” என்றாராம். பையன் தலையைக் குனிந்துகொண்டு, “பெயிலுக்கா,” என்றிருக்கிறான். அக்கா அந்த இடத்திலேயே தாம்பூலம் மாற்றச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு இன்றுவரை காரணம் புரியவில்லை.

செனாய் வேலை எப்படிப் போனது என்பதை அவர் சொன்னதில்லை. அவரோடு வேலை செய்த ஒரு பெண் சொன்னாள். அங்கே சோதனைக்காரர் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு சாப் முத்திரை உண்டு. அதை அடித்தால்தான் பெட்டி வெளியே போகும். மாதக் கடைசியில் ஒருநாள், ரிஜெக்ட் ஆன பெட்டிகளுக்குச் சாப் அடித்து அனுப்பச் சொல்லி மேனேஜர் நெருக்கியிருக்கிறார். அக்கா சாப்பை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, “நீங்களே அடிங்க சார், நம்பர் மட்டும் என்னோடது வேணாம்,” என்று சொல்லி, கேன்டீனுக்குப் போய் சீனி இல்லாத கறுப்புத் தேநீர், தே ஓ கோசோங் ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாராம். மறுவாரம் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் ஆள் குறைப்பில் முதல் பெயர் அவருடையது.

அப்படிப்பட்டவரிடம் நான் என் படிப்பைக் காட்டினேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேக்கப் சாப்ட்வேர்களில் சிறந்தவை என்று இணையத்தில் ஒரு பட்டியலைப் பார்த்து, முதலில் இருந்ததை இறக்கி வைத்திருந்தேன். வயர் பிடுங்கப்பட்டுப் பொய் சொன்னது அதுதான்.

“இதான் பெஸ்ட்டுன்னு போட்டிருந்தாங்கக்கா.”

“யாரு போட்டது? அவங்க வயர புடுங்கிப் பாத்தாங்களா?”

இரண்டாவதை இறக்கினோம். பார்க்க லட்சணமாக இருந்தது. வயரைப் பிடுங்கியபோது தோற்றுவிட்டேன் என்று ஒழுங்காக ஒப்புக்கொண்டது. டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் படி எடுத்தும் கொடுத்தது. எனக்குச் சந்தோஷம். அக்கா, “இப்ப திருப்பி எடுங்க,” என்றார். திருப்பி எடுக்கப்போனால், அதற்குப் பணம் கட்டிய பதிப்பு வேண்டும் என்று ஒரு பக்கம் திறந்தது.

“அலமாக்,” என்றார் அக்கா. “உள்ள வைக்கிறது ஓசி, வெளிய எடுக்க காசா? இது பேக்கப் இல்ல டீச்சர், அடகுக்கட.”

இதற்குள் என் கொழுந்தன் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து நீட்டினான். விலை கூடிய சாப்ட்வேர், பூட்டை உடைத்தது, எல்லாம் வேலை செய்யும் அண்ணி என்றான். எனக்கு ஆசைதான். அக்கா அதைத் தொடவே இல்லை. “ஓசி வேற, திருட்டு வேற. நாளைக்கு ஆபீஸ்ல அந்தக் கம்பெனிக்காரனுக்கு எதுக்க உக்காந்து நியாயம் கேக்கப்போறோம். திருட்டு சாமான வீட்டுல வச்சிகிட்டு எந்த வாயால கேப்பீங்க?” என்றார். கொழுந்தன் முகம் சுண்டிப்போய் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போனான். எனக்குக்கூட அவர்மேல் எரிச்சலாக இருந்தது. ஊரில் எல்லோரும் செய்வதுதானே.

மூன்றாவது சாப்ட்வேருக்கு அழகே கிடையாது. சாம்பல் கலர், குட்டி எழுத்து. வயரைப் பிடுங்கியதும் சிவப்பாக, இந்தப் படி செல்லாது என்றது. அக்கா அன்றுதான் என் வீட்டில் முதல் தடவை சிரித்தார். ஆனாலும் விடவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து, எடுத்த படியை அதில் இறக்கி, என் டிஸ்க்கைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். “இத வச்சி ரெண்டு நாள் ஓட்டுங்க. ஓடுனா அப்ப நம்பலாம்,” என்று சொல்லிப் போய்விட்டார். இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடியது. பிறகு ஒரு படத்தை வேண்டுமென்றே அழிக்கச் சொல்லி, பழைய படியைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் மீட்டு எடுக்கச் சொன்னார். அதையும் நானேதான் செய்தேன். இந்தக் கையால் செய்ததைப் பிற்பாடு நான் மறந்துபோனதுதான் வேடிக்கை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு படி. எங்களுக்கு அப்போது வெள்ளிதான் விடுமுறை. அக்கா விளக்கேற்றிவிட்டு வருவார், வயரை மாட்டுவார், முடிகிறவரை உட்கார்ந்திருப்பார், பழைய படிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார். படம் எடுப்பதிலும் ஒரு சட்டம் போட்டார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அதே ஜன்னலில் இருந்து, ஒரு நாள் விடாமல், ஒரே ஒரு படம்.

“புகை இல்லாத அன்னைக்கு எதுக்குக்கா?”

“அன்னைக்குத்தான் முக்கியமா எடுக்கணும். தினமும் புகை புகைன்னு காட்டுனா எவன் நம்புவான்? இல்லாத அன்னைக்கு இல்லன்னு காட்டுங்க. அப்பத்தான் இருக்குற அன்னைக்கு இருக்குன்னு நம்புவாங்க.”

ஒரு விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. போர்க்லிப்ட் ஓட்டினார். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். தாமானில் சிலர், இந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டால் செய்தி அங்கே போய்விடும் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்கள். ரகசியம் எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. தாமான் கூட்டத்தில் எழுந்து நின்று, “அவரு வேல அவருது. மூக்கு என்னோடது,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் வீட்டில் சொன்னது இதுதான்: நான் உள்ளே மூட்டை அடுக்குகிறேன், பின்பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா நம்பினார். ஊரில் யாரையும் நம்பாதவர் அதை நம்பினார்.

இப்படித் தினமும் எடுக்க ஆரம்பித்த ஏழாவது மாதத்தில், பதினாறாம் தேதி எடுத்த படத்தை இரண்டு நாள் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழி எரிகிறது. பக்கத்தில் ஓர் ஆள் சாக்கை உள்ளே கொட்டுகிறார். மேலுக்குத் தொழிற்சாலை ஆட்கள் போடும் சட்டை. புகையில் முகம் தெரியவில்லை. ஆனால் சாக்கைத் தோளில் போடாமல் இடுப்பில் இடுக்கியிருந்தார். முதுகு வலி உள்ளவர் அப்படித்தான் தூக்குவார். அண்ணன் அரிசி மூட்டையை வீட்டுக்குள் அப்படித் தூக்கிப்போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரம் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தேன். அதிகாரி கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார். இந்தப் படம் வெளியே போனால் அண்ணன் வேலை போகும், அக்கா தெருவில் தலை நிமிர முடியாது. எனக்காக இவ்வளவு செய்த பெண்ணுக்கு நான் செய்கிற கைம்மாறு இதுவா? படத்தை அழித்தேன். ஒரு நாள் குறைந்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவார் என்று, பதினேழாம் தேதி படத்தையே இன்னொரு முறை நகல் எடுத்துப் பதினாறு என்று பெயர் மாற்றி அந்த இடத்தில் வைத்தேன். நல்லதைத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால், சனிக்கிழமை மத்தியானம், எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று அக்கா வந்து உட்கார்ந்தார். நான் அடுப்படியில் தே கலக்கிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், இங்க வாங்க. பதினாறாம் தேதியும் பதினேழாம் தேதியும் ஒரே மேகம்.”

“மழை மாசம்தானேக்கா. ஒரே மாதிரி இருந்திருக்கும்.”

“ஒரே மாதிரி இல்ல. ஒரே மேகம். மறுநாளும் அதே எடத்துல வந்து நிக்கிறதுக்கு மேகத்துக்கு ஓவர்டைம் போட்டிருக்காங்களா?”

அவர் வெளி டிஸ்க்கை மாட்டி, பழைய வெள்ளிக்கிழமைப் படியைத் திறந்தார். வேணாங்கா என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அழித்த படம் முழுசாக, உயிரோடு, திரையில் வந்து நின்றது. சாக்கை இடுக்கிய அந்த இடுப்பை அவருக்கு நான் காட்டித் தரவேண்டியிருக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எத்தன நாளா தெரியும்?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா எங்கூட உக்காந்து தே குடிச்சீங்க.”

“உங்களுக்காகத்தாங்கா...”

“எனக்காகப் பொய் சொல்லச் சொன்னேனா?” குரல் உயரவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. “வயர புடுங்குனப்புறமும் பச்ச காட்டுச்சே ஒரு சாமான், அது மாதிரி ஆயிட்டீங்க டீச்சர். இந்த ஒரு படம் போலின்னு அவன் புடிச்சான்னா, மத்த அத்தனையும் குப்ப. உங்க மக இன்னும் எத்தன வருசம் அந்தப் புகையக் குடிக்கும்?”

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. போலிப் படத்தை அழித்து, உண்மைப் படத்தை அதன் இடத்தில் வைத்தார். பிறகு, என்னிடம் இல்லை, திரையிடம் சொல்வதுபோல, “ஊரையெல்லாம் டெஸ்ட் பண்ணேன். ஏழு மாசமா அவரு சட்டையில கரியத் துவைச்சிருக்கேன். ஒரு நா கேக்கல,” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் துணி காயப்போடும்போது வீட்டு வேலிக்கு மேலாக நான், “என்ன சொன்னாருக்கா?” என்றேன்.

“தெரிஞ்சத தெரியாத மாதிரி கேட்டேன். கொளுத்துனீங்களான்னு.”

“அதுக்கு?”

“இல்லன்னாரு.”

கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் மூன்று நாள் பேச்சு சத்தமே கேட்கவில்லை. கூட்டத்துக்கு வராதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். “படத்த எடுத்தது நீங்க. இது நிக்குமான்னு பாத்தவ நான். நான் வராம எப்படி?” என்றார்.

கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். அதிகாரி, தொழிற்சாலையின் பிரதிநிதி, மற்றபடி எங்கள் தாமான் ஆட்கள். பேச்செல்லாம் மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன். படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் காட்டினேன். புகை இல்லாத நாள் வரும்போதெல்லாம் அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பிரதிநிதி கெட்டிக்காரர். புகையே இல்லை என்று சாதிக்கவில்லை. “யாரோ வெளியாட்கள் வேலி தாண்டி வந்து கொளுத்துகிறார்கள். எங்களுக்கும் அதனால் தொல்லைதான்,” என்றார். பதினாறாம் தேதி படத்தைப் போட்டேன். அவர் அதற்கும் அசரவில்லை. “முகம் எங்கே தெரிகிறது? இந்த மாதிரிச் சட்டை எந்தச் சந்தையிலும் கிடைக்கும்,” என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். “இவர் இந்தத் தொழிற்சாலையின் ஆள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

அக்கா எழுந்தார்.

“எனக்குத் தெரியும் துவான். அந்தச் சட்டையத் துவைக்கிறது நான்தான். அது என் வீட்டுக்காரர்.”

பிரதிநிதி கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார். குடும்பத்தில் ஏதோ சண்டை போலிருக்கிறது, கோபத்தில் பெண்கள் எதையும் சொல்வார்கள் என்றார். அக்காவின் கழுத்து சிவந்துபோனது. ஆனால் உட்காரவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். அந்த மனுசியை அந்த நிமிடம் நான் நேசித்ததுபோல யாரையும் நேசித்ததில்லை.

பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். மேலுக்கு அதே சட்டை. முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

“நான்தான் துவான்,” என்றார். “தீ வச்சது நான். வைக்கச் சொன்னது யாருன்னு கேளுங்க. இப்ப சிரிச்சாரே, அவருதான்.”